எல்லோருக்கும் சீட் போட்டுக் கொடுத்தவர்!

1969 ஜூலை 16. விடிகாலை 4.15 மணி. புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில், விண்வெளி வீரர்கள் தங்கும் பகுதி. கடற்கரையெங்கும் லட்சக்கணக்கான மக்கள் கூடாரம் போட்டு, கார் மேல் உட்கார்ந்து, கண் கொட்டாமல் காத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின், மைக்கேல் காலின்ஸ். இன்னும் சில மணி நேரத்தில் நிலாவுக்குக் கிளம்பப் போகிறவர்கள்!

அவர்களை எழுப்பி விடுகிறாரே ஒருவர், அவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒட்ட வெட்டிய தலைமுடி, சதுரமான தாடை, அளந்து பேசும் வாய். எழுப்பி விட்டதோடு அவர் போய்விடவில்லை. மூவரோடும் மேஜையில் உட்கார்ந்து ஸ்டீக்கும் முட்டையும் டோஸ்ட்டும் சாப்பிடுகிறார். பக்கத்தில் பால் காலே என்ற ஓவியர் பென்சிலும் கையுமாக அந்தக் காலை உணவையே படமாக வரைந்துகொண்டிருக்கிறார். இந்த மூன்று பேரைத்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ததே எழுப்பி விட்ட அந்த மனிதர்தான். அமெரிக்கா தேர்ந்தெடுத்த முதல் ஏழு விண்வெளி வீரர்களில் அவரும் ஒருவர். ஆனால் அன்றைய தேதி வரை அவர் ஒரு தடவைகூட விண்வெளிக்குப் போனதில்லை!

டொனால்ட் கென்ட் ஸ்லேட்டன். எல்லோருக்கும் டீக் ஸ்லேட்டன். வாருங்கள், நிலாப் பயணத்தின் மேடையை விட்டுவிட்டு, அதன் பின்கட்டுக்குப் போவோம். உண்மையான சுவாரஸ்யமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

தப்பித்த விரல்

1924-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டீக். ஐந்து வயதில் புல் அறுக்கும் இயந்திரத்தில் கை மாட்டி, இடது கையின் மோதிர விரல் போய்விட்டது. அப்படிப்பட்ட பையன் விமானியாக முடியுமா? முடிந்தது! விமானிகளுக்கான ராணுவ விதிகளைப் புரட்டிப் பார்த்தால், இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று விட்டுவைக்கப்பட்டிருந்த ஒரே விரல் அதுதான். எழுதாத கையின் மோதிர விரல்!

இரண்டாம் உலகப் போரில் பி-25 குண்டுவீச்சு விமானத்தில் ஐரோப்பாவின் மேல் 56 முறை பறந்தார். பிறகு ஜப்பானுக்கு எதிராக ஏ-26 விமானத்தில் 7 முறை. போர் முடிந்ததும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்து 1949-இல் பட்டம். கொஞ்ச காலம் போயிங்கில் வேலை. மறுபடி விமானப்படை. அங்கிருந்து கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளம். புத்தம் புது போர் விமானங்களை முதலில் ஓட்டிப் பார்த்து, எது எங்கே உடையும் என்று சொல்லும் வேலை. அங்கே ஏற்கனவே ஒரு டான் இருந்ததால், இவர் பெயரின் முதலெழுத்துகளான டி.கே.யைச் சேர்த்து ‘டீக்’ ஆக்கிவிட்டார்கள்.

1959 ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில் அந்தப் புகழ்பெற்ற பத்திரிகையாளர் சந்திப்பு. ஸ்காட் கார்ப்பென்டர், கார்டன் கூப்பர், ஜான் க்ளென், கஸ் க்ரிஸம், வாலி ஷிரா, ஆலன் ஷெப்பர்ட், டீக் ஸ்லேட்டன். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் மெர்குரித் திட்டத்தின் ஏழு பேர். விண்வெளியிலிருந்து உயிரோடு திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை யாருக்கு இருக்கிறது என்று ஒரு நிருபர் கேட்டதும் ஏழு பேரும் கையைத் தூக்கினார்கள். க்ளென்னும் ஷிராவும் இரண்டு கைகளையும்! ஒரு பயணம்கூட இன்னும் தொடங்காத நிலையில், ஒரே நாளில் ஏழு பேரும் நாட்டின் செல்லப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

சுழலும் கை சொன்ன ரகசியம்

இந்த ஏழு பேரின் உடம்பைப் பார்த்தது போல உலகத்தில் வேறு யார் உடம்பையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை. நியூ மெக்சிகோவில் ஒரு மருத்துவமனை, ஒஹாயோவில் விமானப்படை ஆய்வகம் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்து, ஓட வைத்து, குளிரில் போட்டு, வெப்பத்தில் போட்டு, காதில் குளிர்ந்த நீரை ஊற்றி, ஓர் அங்குலம் விடாமல் சோதித்திருந்தார்கள். டீக் எல்லாவற்றிலும் தேறியவர்.

1959 ஆகஸ்ட். பென்சில்வேனியாவின் ஜான்ஸ்வில்லில் ஒரு ராட்சதச் சுழல் இயந்திரம். 50 அடி நீளக் கை, அதன் நுனியில் ஒரு கூண்டு. உள்ளே மனிதனை உட்கார வைத்துச் சுழற்றினால் ராக்கெட் கிளம்பும்போது நெஞ்சில் ஏறி உட்காரும் அந்தப் பாரம் தரையிலேயே கிடைத்துவிடும். டீக்குக்கு மின்முனைகளை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்த மருத்துவர் வில்லியம் டக்ளஸ் திரையில் ஏதோ கோணலாக இருப்பதைக் கவனித்தார். துடிப்பு வருகிறது, ஆனால் ஒழுங்காக வரவில்லை.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் சீராகச் சுருங்கி ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். சிலருக்கு அவ்வப்போது அந்த மேலறைகள் சுருங்காமல் சும்மா நடுங்கும். கீழறைகளோ எப்போது துடிப்பது என்று தெரியாமல் தாறுமாறாகத் துடிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். டீக்குக்கு இது வரும், சில நாள் இருக்கும், தானாகப் போய்விடும். வலி கிடையாது. மூச்சுத் திணறல் கிடையாது. இதயத்தில் வேறு எந்தக் கோளாறும் கிடையாது. காரணமும் தெரியாது! அவர் பறக்கலாம் என்றுதான் விமானப்படை மருத்துவர்கள் அப்போது முடிவு செய்தார்கள். பயிற்சி தொடர்ந்தது.

1962 பிப்ரவரி 20 அன்று ஜான் க்ளென் பூமியை மூன்று முறை சுற்றி வந்தார். அடுத்த பயணம் டீக்குக்கு. தன் கலத்துக்கு ‘டெல்டா 7’ என்று பெயரும் வைத்துவிட்டார். விண்ணுக்குப் போகப் போகும் நான்காவது அமெரிக்கர் அவர். கிரேக்க நெடுங்கணக்கில் நான்காவது எழுத்து டெல்டா. எவ்வளவு அழகான கணக்கு!

க்ளென்னின் வெற்றிக்குப் பிறகு உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. மேலே இருந்தவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. பழைய கோப்பு மறுபடி திறக்கப்பட்டது. வாஷிங்டனில் மூன்று பெரிய இதய மருத்துவர்கள் டீக்கைப் பார்த்தார்கள். பறந்தால் ஆபத்து என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தத் தொல்லை இல்லாத வேறு ஆட்கள் கையில் இருக்கும்போது அவர்களில் ஒருவரை அனுப்புவதே நல்லது என்றார்கள். எத்தனை நியாயமான வாக்கியம், எத்தனை கொடுமையான வாக்கியம்! மார்ச் நடுவில், ராக்கெட் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது, டீக்கின் பெயர் நீக்கப்பட்டது. மே 24 அன்று கார்ப்பென்டர் பறந்தார். கலத்தின் பெயரும் மாறியது: ‘அரோரா 7’. டெல்டா 7 என்ற பெயரில் ஒன்றுமே பறக்கவில்லை.

பிறகு, அதிபர் ஐசன்ஹோவரின் இதயத்தையே பார்த்த பால் டட்லி வைட் என்ற மாமேதையிடமும் காட்டினார்கள். அவரும் வேண்டாம் என்றார். விமானப்படை இன்னும் ஒரு படி மேலே போய், டீக் தனியாக எந்த விமானமும் ஓட்டக்கூடாது, பக்கத்தில் இன்னொரு விமானி இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. போர்க்களத்தில் 63 முறை பறந்தவருக்கு!

ஆறு நண்பர்கள் செய்த காரியம்

இங்கேதான் கதை திரும்புகிறது. இந்தப் பகுதியை நினைத்தால் எனக்கு உற்சாகம் தாங்காது!

வீரர்களின் எண்ணிக்கை கூடப் போகிறது, அவர்களை மேய்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்ற பேச்சு நாசாவில் எழுந்தது. வெளியிலிருந்து ஒரு ராணுவ அதிகாரி வந்து உட்காரலாம் என்ற நிலை. மற்ற ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். யாரோ ஒருவர் எதற்கு? டீக் இருக்கிறாரே! 1962 செப்டம்பரில் அவர் விண்வெளி வீரர்களின் ஒருங்கிணைப்பாளர் ஆனார். அடுத்த ஆண்டு விமானப்படையிலிருந்து விலகி முழுக்க நாசாவுக்கு வந்துவிட்டார். விரைவிலேயே விண்கலக் குழுக்கள் சம்பந்தப்பட்ட அத்தனைக்கும் அவர்தான் தலைவர்.

இது வெறும் ஆறுதல் பரிசு என்றுதான் முதலில் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் விஷயமே வேறு. அடுத்தடுத்து வந்த புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கும் பங்கு இருந்தது. 1962-இல் ஒன்பது பேர், 1963-இல் பதினான்கு பேர், 1966-இல் பத்தொன்பது பேர். மெர்குரிக்கு அடுத்து வந்த ஜெமினி திட்டத்தில் யார், நிலாவுக்கான அப்போலோ திட்டத்தில் யார், யார் தளபதி, யார் மாற்று ஆள், எல்லாப் பட்டியலும் அவர் மேஜையிலிருந்துதான் கிளம்பும். மேலிடம் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் அப்படியே போட்டுவிடும்.

அந்த நாற்காலிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொருவரும் தனக்கு ஒரு சீட் வேண்டும் என்று தவித்தவர்கள். உலகத்திலேயே மிகக் கடுமையான போட்டி மனம் கொண்டவர்கள். அவர்களுக்கு நடுவே, போட்டியிட முடியாத ஒரே ஆள் டீக். அவர் ஒருவரை ஒதுக்கினால் அந்த இடத்தில் தான் உட்காரப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதே சமயம், சீட் பறிபோவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். கல்யாண வீட்டில் எல்லாப் பந்திக்கும் நின்று விசாரித்துவிட்டுத் தான் மட்டும் சாப்பிடாமல் இருக்கும் பெரியவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்?

பட்டியல் எப்படித் தயாரானது?

ஒளிவு மறைவில்லாமல் சொன்னால், டீக்கின் சூத்திரம் எளியது. ஒரு பயணத்துக்கு மாற்றுக் குழுவாக இருந்தால், அடுத்த இரண்டு பயணங்களை விட்டு மூன்றாவது பயணத்துக்கு அவர்களே முதன்மைக் குழு. அப்போலோ 9-க்கு மாற்றாக இருந்த பீட் கான்ராட் குழு அப்போலோ 12-இல் போனது. அப்போலோ 13-க்கு மாற்றுத் தளபதியாக இருந்த ஜான் யங் அப்போலோ 16-இல் போனார். வீரர்கள் அனைவருமே விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

அப்படியானால் நிலாவில் முதல் ஆளாக ஆம்ஸ்ட்ராங் ஆனது எப்படி? இதோ, பின்கட்டின் ஆகச் சிறந்த ரகசியம். 1968-இல் நிலாவில் இறங்கும் கலம் தயாராகத் தாமதமானது. அதைச் சோதிக்க வேண்டிய பயணமும் நிலாவைச் சுற்றி வரும் பயணமும் இடம் மாறின. அவற்றோடு மாற்றுக் குழுக்களும் இடம் மாறின. கான்ராட் குழு அப்போலோ 8-இலிருந்து 9-க்குப் போனது. ஆம்ஸ்ட்ராங் குழு 8-க்கு வந்தது. எட்டோடு மூன்றைக் கூட்டுங்கள். பதினொன்று! அந்த இடமாற்றம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் நம் பாடப் புத்தகங்களில் பீட் கான்ராட் பெயர் இருந்திருக்கலாம்.

1968 டிசம்பர் 23. அப்போலோ 8 நிலாவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் டீக் ஆம்ஸ்ட்ராங்கைத் தனியாக அழைத்துப் போய், அப்போலோ 11 உங்களுக்கு என்கிறார். கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறார். ஆல்ட்ரினுக்குப் பதில் இன்னொரு வீரரான ஜிம் லவலைத் தரட்டுமா? ஆம்ஸ்ட்ராங் ஒரு நாள் யோசித்தார். ஆல்ட்ரினோடு வேலை செய்வதில் தனக்குச் சிரமம் இல்லை, லவல் தனியாக ஒரு பயணத்துக்குத் தளபதியாகத் தகுதியானவர், அவரைத் தனக்குக் கீழே போடுவது நியாயமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு உரையாடலில் ஆல்ட்ரினின் வாழ்க்கை தீர்மானமாகிவிட்டது. லவல் பின்னால் அப்போலோ 13-க்குத் தளபதியாகப் போய் உலகப் புகழ் பெற்றது தனிக் கதை.

1969 மார்ச்சில் இன்னொரு சந்திப்பு. டீக், நாசாவின் மேலதிகாரிகளான ராபர்ட் கில்ருத், ஜார்ஜ் லோ, கிறிஸ் க்ராஃப்ட். நாலே பேர். நிலாவில் முதல் காலடி யாருடையது? ஆம்ஸ்ட்ராங் என்று அங்கே முடிவானது. நிதானமானவர், புகழைத் தலைக்கு ஏற்றிக்கொள்ளாதவர் என்பதுதான் அவர்கள் பார்த்த குணம். டீக் மனதில் நெடுநாள் இருந்த பெயர் வேறு. உயிரோடு இருந்திருந்தால் அந்தக் காலடி தன் நண்பன் கஸ் க்ரிஸமுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பறக்கத் தடை பெற்றவர்களின் அலுவலகம்

டீக்குக்குக் கீழே வீரர்கள் அலுவலகத்தின் தலைவர் யார் தெரியுமா? ஆலன் ஷெப்பர்ட். 1961-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். 1963-இல் அவருக்கு மெனியேர் நோய் வந்தது. உள்காதில் திரவ அழுத்தம் ஏறி, தலை சுற்றி, வாந்தி வந்து, காது இரையும் நோய். அவருக்கும் பறக்கத் தடை! ஆக, நிலாவுக்கு ஆள் அனுப்பும் நிர்வாகத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருமே மருத்துவர்களால் தரையில் நிறுத்தப்பட்டவர்கள். இப்படி ஒரு ஜோடியை எந்தக் கதாசிரியராவது கற்பனை செய்திருப்பாரா?

இருவருக்கும் சுபாவம் நேர் எதிர். ஷெப்பர்டின் கோபம் பிரசித்தம். அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த செயலாளர் அவருடைய இரண்டு புகைப்படங்களை வைத்திருந்தார். ஒன்றில் சிரிப்பு, ஒன்றில் முறைப்பு. அன்றைக்கு உள்ளே என்ன மனநிலையோ, அந்தப் படத்தை வெளியே மாட்டிவிடுவார். முறைப்புப் படம் தெரிந்தால் வீரர்கள் நைசாகத் திரும்பிப் போய்விடுவார்கள்! டீக் அப்படியில்லை. கத்த மாட்டார், குழைய மாட்டார். நாலு வார்த்தை, அதில் விஷயம் முடிந்துவிடும்.

1968-இல் ஷெப்பர்ட் லாஸ் ஏஞ்சல்ஸில் விக்டர் பூலோஸ் என்ற புனைபெயரில் மருத்துவமனையில் சேர்ந்து, காதில் ஒரு மெல்லிய குழாய் வைத்து திரவத்தை வடியவிடும் புதிய அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டார். பலித்துவிட்டது! 1969 மே மாதம் தடை நீங்கியது. 1971 பிப்ரவரியில், 47 வயதில், அப்போலோ 14-இன் தளபதியாக நிலாவில் நடந்தார்.

ஷெப்பர்ட் மட்டுமா? மைக்கேல் காலின்ஸுக்கு 1968-இல் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை. அதனால் அப்போலோ 8 வாய்ப்பு கைவிட்டுப் போனது. உடல் தேறியதும் டீக் அவரை அப்போலோ 11-இல் உட்கார வைத்தார். 1970 ஏப்ரலில் கென் மேட்டிங்லிக்கு ஜெர்மன் தட்டம்மை தொற்றியிருக்கலாம் என்று அப்போலோ 13-இலிருந்து கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். அவருக்கு அம்மை வரவே இல்லை. 1972-இல் அப்போலோ 16-இல் நிலாவைச் சுற்றினார். ஒருவரின் பெயரை மருத்துவர் அடித்தால், டீக்கைப் பொறுத்தவரை அந்தப் பெயர் அழிந்துபோவதில்லை. அது வரிசையில் கொஞ்சம் பின்னால் போகிறது, அவ்வளவுதான்.

வைரம் பதித்த சின்னம்

ஒரு சின்னப் பொருளை உங்களுக்குக் காட்ட வேண்டும். விண்வெளி வீரர்கள் கோட்டில் குத்திக்கொள்ளும் ஒரு பின். ஒரு நட்சத்திரம் மூன்று கோடுகளாக வாலை இழுத்துக்கொண்டு வளையத்துக்குள் பாய்ந்து போவது போன்ற வடிவம். பயிற்சி முடித்தவர்களுக்கு வெள்ளியில். விண்வெளி போய் வந்தவர்களுக்கு மட்டும் தங்கத்தில். டீக் போகவில்லை. ஆகவே தங்கம் கிடையாது.

அப்போலோ 1 குழுவுக்கு இது பொறுக்கவில்லை. கஸ் க்ரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி. டீக்குக்கென்று தங்கத்தில் ஒரு பின் செய்து, நட்சத்திரத்தில் ஒரு வைரமும் பதித்து, தங்களோடு விண்வெளிக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்து கொடுப்பது என்று திட்டம். 1967 ஜனவரி 27 மாலை, ஏவுதளத்தில் ஒத்திகை நடக்கும்போது கலத்துக்குள் தீப்பிடித்தது. சுத்த ஆக்சிஜன் நிரம்பிய கலம். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. மூவரும் இறந்துபோனார்கள். டீக் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்.

அந்த மூவரின் மனைவிமாரும் தங்கள் துக்கத்துக்கு நடுவே அந்தப் பின்னை டீக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டீக் பின்னர் அதை ஆம்ஸ்ட்ராங்கிடம் கொடுத்தனுப்பினார். 1969 ஜூலையில் அது நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. டீக்குக்கு முன்னால் டீக்கின் பின் போய் வந்துவிட்டது! அரசாங்கத்தின் எந்தப் பதக்கமும் இந்தக் குண்டூசி அளவுப் பொருளுக்கு ஈடாகுமா, சொல்லுங்கள்.

தாளம் திரும்பியது

பறக்கத் தடை இருந்த பத்து வருடமும் டீக் சும்மா இருக்கவில்லை. சிகரெட்டை விட்டார். காப்பியை விட்டார். மதுவை வெகுவாகக் குறைத்தார். தினமும் உடற்பயிற்சி. 1970-இல் ஒரு சளிக்காக விட்டமின் மாத்திரைகள் சாப்பிடத் தொடங்கிய சமயத்தில், அந்தத் தாறுமாறான துடிப்பு வராமலே இருப்பதைக் கவனித்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருடம். வரவில்லை! 1971 கடைசியில் மேயோ கிளினிக்கில் இதய ரத்தக் குழாய்களுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. 1972 மார்ச் 13 அன்று நாசா அறிவித்தது: டீக் ஸ்லேட்டன் பறக்கலாம். பெயரை நீக்கிச் சரியாகப் பத்தாண்டு!

ஆனால் எதில் பறப்பது? நிலாப் பயணங்களில் பாக்கி இருந்தவை இரண்டே. அவற்றுக்கும், அடுத்து வரவிருந்த ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கும் ஆட்கள் தயார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. 1972 மே மாதம் மாஸ்கோவில் நிக்சனும் கோசிகினும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்காவின் அப்போலோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் இணையும்! எந்த ரஷ்யர்களை முந்துவதற்காக 1959-இல் டீக் தேர்வானாரோ, அந்த ரஷ்யர்களோடு கைகுலுக்க ஒரு பயணம்.

1973 ஜனவரியில் குழு அறிவிக்கப்பட்டது. தளபதி டாம் ஸ்டாஃபோர்ட். 1962-இல் டீக்கும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒன்பது பேரில் ஒருவர். கலத்தின் விமானி வான்ஸ் பிராண்ட். 1966-இல் டீக் தேர்ந்தெடுத்தவர். மூன்றாவது இடம் டீக்குக்கு. தளபதியாகப் போக அவருக்கும் ஆசை இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கொடுத்த இடத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். தானே பணியில் சேர்த்த ஆட்களுக்குக் கீழே, ஐம்பதை நெருங்கும் வயதில், புது ஆள் போல எல்லாப் பயிற்சியும் எடுத்தார். ரஷ்ய மொழி வேறு கற்க வேண்டும்! மாஸ்கோவுக்கு அருகே நட்சத்திர நகரத்தில் பயிற்சி. சோயுஸில் வரவிருந்த அலெக்ஸி லியோனோவும் வலேரி குபாசோவும் நெருங்கிய தோழர்கள் ஆனார்கள். ஸ்டாஃபோர்டின் ஒக்லஹோமா வாடை வீசும் ரஷ்ய உச்சரிப்புக்கு ‘ஒக்லஹோம்ஸ்கி’ என்று லியோனோவ் பெயர் வைத்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

டீக்கின் பொறுப்பு இணைப்பு அறை. சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள ஓர் உருளை. இது எதற்கு? அப்போலோவுக்குள் குறைந்த அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். சோயுஸுக்குள் நம் வீட்டுக் காற்று போல நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று நுழைந்தால் உடம்பு தாங்காது. நடுவில் நின்று காற்றை மாற்றிப் பழக ஓர் அறை வேண்டும். அந்த நடுவறையின் காவலர் டீக்!

51 வயதில் முதல் பயணம்

1975 ஜூலை 15. சோவியத்தின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் கிளம்பியது. ஏழரை மணி நேரம் கழித்து புளோரிடாவிலிருந்து அப்போலோ. மற்றவர்களை எழுப்பி அனுப்பிய அதே மையத்திலிருந்து இந்த முறை டீக்கே உடை மாட்டிக்கொண்டு ஏறினார். வயது 51. அதுவரை விண்வெளிக்குப் போனவர்களிலேயே மூத்தவர். தேர்வாகிப் பதினாறு வருடம் கழித்து!

ஜூலை 17 அன்று இரு கலங்களும் இணைந்தன. கதவு திறந்தது. ஸ்டாஃபோர்டும் லியோனோவும் கைகுலுக்கினார்கள். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. விருந்தில் லியோனோவ் நீட்டிய குழாய்களில் வோட்கா லேபிள்! அமெரிக்கர்கள் திகைத்தார்கள். வாயில் வைத்தால் உள்ளே இருந்தது பீட்ரூட் சூப். ஓவியரான லியோனோவ் தோழர்களின் முகங்களைப் படம் வரைந்தார். அதிபர் ஃபோர்ட் நேரடியாகப் பேசும்போது, விண்வெளியின் மிக மூத்த புது ஆள் என்ற முறையில் இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று டீக்கிடம் கேட்டார். உண்மையில் என்ன வேண்டும் என்று தீர்மானியுங்கள், அதை அடையும் வரை விடாதீர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது காலண்டர் வாசகம். அவர் வாயில் அது வாழ்க்கைக் குறிப்பு.

ஒன்பது நாள் முடிந்து ஜூலை 24 அன்று இறங்கும்போது உயிரைக் கையில் பிடிக்க வேண்டியதாயிற்று. பாராசூட்டைத் தானாக இயக்கும் சுவிட்சுகள் உரிய நேரத்தில் போடப்படவில்லை. திசை திருப்பும் சிறு உந்திகள் எரிந்துகொண்டிருக்கும்போதே வெளிக்காற்று வரும் துவாரம் திறந்துகொண்டது. நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே புகுந்தது. கண்ணெரிச்சல், இருமல். கலம் கடலில் விழுந்து தலைகீழாகக் கவிழ்ந்தது. பிராண்ட் மயங்கிவிட்டார். ஸ்டாஃபோர்ட் தவழ்ந்து போய் ஆக்சிஜன் முகமூடிகளை எடுத்து மாட்டினார். மூவரும் பிழைத்தார்கள். நேரே ஹோனலூலுவில் ராணுவ மருத்துவமனை.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நச்சு வாயு நுரையீரலை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க எடுத்த எக்ஸ்ரேயில், டீக்கின் இடது நுரையீரலில் ஒரு நிழல்! புற்றுநோயோ என்று எல்லோருக்கும் கலக்கம். ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. சாதாரணக் கட்டி, ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் மட்டும் அது யார் கண்ணிலாவது பட்டிருந்தால் டீக் இரண்டாவது முறையாக இறக்கிவிடப்பட்டிருப்பார். அதன்பின் அப்போலோ கலம் பறக்கவே இல்லை. அடுத்த அமெரிக்கப் பயணம் 1981-இல்தான். அந்த வாசல் நிரந்தரமாக மூடியிருக்கும். ஒரு எக்ஸ்ரே முன்கூட்டியே கண்ணில் படவில்லை. பதினாறு வருடக் காத்திருப்பு அந்த நூலிழையில் நின்றிருக்கிறது!

இன்னும் முடியவில்லை

திரும்பி வந்தவர் ஓய்வெடுத்தாரா? விண்வெளி ஓடத்தின் தரையிறங்கும் சோதனைகளை நடத்தினார். அதன் முதல் சுற்றுப்பாதைச் சோதனைகளுக்கு மேலாளர் ஆனார். 1982-இல் நாசாவிலிருந்து விலகி ஒரு தனியார் ராக்கெட் நிறுவனத்துக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று டெக்சாஸ் கரையோரத்தின் மாட்டகோர்டா தீவிலிருந்து ‘கானஸ்டோகா’ என்ற அவர்களுடைய ராக்கெட் கிளம்பி விண்ணைத் தொட்டது. தனியார் பணத்தில் விண்வெளியை எட்டிய முதல் ராக்கெட் அது. இன்று தனியார் ராக்கெட்டுகள் வாரந்தோறும் பறப்பதைப் பார்க்கிறோமே, அந்த வரிசையின் தலைமாட்டிலும் டீக் நிற்கிறார். பொழுதுபோக்காகச் சின்னஞ்சிறு பந்தய விமானம் ஓட்டினார். தனியாக! பக்கத்தில் யாரும் இல்லாமல்!

1993 ஜூன் 13 அன்று மூளைக் கட்டியால் காலமானார். மைக்கேல் கசட்டோடு சேர்ந்து எழுதிய ‘டீக்!’ என்ற தன்வரலாறு அடுத்த ஆண்டு வெளிவந்தது.

விண்வெளி வரலாற்றை ஏறிப் போனவர்களின் பட்டியலாகவே படித்துப் பழகிவிட்டோம். அப்போலோவில் நிலாவை எட்டிய 24 பேரின் பெயர்களையும் ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த 24 பெயர்களும் முதலில் எழுதப்பட்டது டீக்கின் மேஜையில்தான். தன் பெயரை எழுத முடியாதபோது அவர் மற்ற பெயர்களை நேர்மையாக எழுதினார். உடம்பு கைவிட்டவர்களுக்கு வரிசையில் இடத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். எழுதலாம் என்றபோது தன் பெயரைக் கடைசியில் எழுதினார். அடுத்த முறை ஒரு பிள்ளை அந்தப் பட்டியலைச் சொன்னால், இருபத்தைந்தாவதாக இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.